சுபநேரம் பத்து நாற்பத்திரண்டு

இதனால் கண்டி மாநகர மக்களுக்கும், மலைநாட்டுக்கும், நேரம் இருந்தால் உலகத்துக்கும் அறியத் தருவது யாதெனில்: புனித வெரோனிக்கா மகளிர் கல்லூரியின் டெனிஸ் பயிற்றுநரும், எட்டு வருடம் தொடர்ச்சியாக மாகாணக் கிண்ணத்தை வென்று தந்தவரும், மத்திய மலைநாட்டின் விளையாட்டு விடிவெள்ளியுமாகிய திருமதி டொரதி அவர்களின் பெயரால் அமையவிருக்கும் மாபெரும் கௌரவிப்பு மண்டபத்துக்கான அடிக்கல், எதிர்வரும் சனிக்கிழமை முற்பகல் பத்து மணி நாற்பத்திரண்டு நிமிடத்துக்கு அமைந்த சுபநேரத்தில், கௌரவ பிரதம அதிதியின் பொற்கரங்களால் நாட்டப்படும்.

இடம் போதாமையால் அறிவித்தலில் ஒரேயொரு விபரம் விடுபட்டுப் போயிற்று. அந்த மண்டபம் டெனிஸ் திடலின் மேல் கட்டப்படும்.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. கண்டியைத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். இந்த ஊரில் வீடு கட்டுகிறவன் பாதிச் சீமெந்தில் வீட்டைக் கட்டி, மீதிச் சீமெந்தில் வீடு கீழே போகாமல் மதில் கட்டுகிறான். கல்லூரியிலும் அதே கதைதான். வகுப்புக்கு ஏற வேண்டும், சாப்பிட இறங்க வேண்டும், செபிக்க மறுபடி ஏற வேண்டும். கல்லூரி வளவு முழுவதிலும் ஒரு பந்தை வைத்தால் வைத்த இடத்திலேயே கிடக்கக்கூடிய நிலம் டெனிஸ் திடல் மட்டுமே. பழைய மாணவிகள் சங்கம் டொரதி டீச்சருக்கு மண்டபம் கட்டுவதென்று தீர்மானித்ததும், கட்டடப் படம் வரைகிறவர் வந்து வளவை ஒரு சுற்றுச் சுற்றினார். மூன்று இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். கடைசியில் திடலின் நடுவில் வந்து நின்று, "இதுதான் இடம்" என்றார். மற்ற இடங்களில் அவரால் நிற்கவே முடியவில்லை.

டொரதி டீச்சர் இருபத்தொரு வருடத்துக்கு முன் மடுல்கெல்லையிலிருந்து புவியியல் படிப்பிக்க வந்தவர். வந்த முதற் கிழமையே பாதையில் மண் சரிந்து, பஸ் பிந்தி, ஆசிரியர் கூட்டத்தைத் தவறவிட்டார். கூட்டத்துக்கு வராதவர்களின் தலையில் பொறுப்புகளைக் கட்டுவது எல்லாக் கல்லூரிகளிலும் உள்ள வழக்கம். அன்றைக்கு மிஞ்சிக் கிடந்தது டெனிஸ். அதுவரை அவர் ரக்கட்டைக் கையால் தொட்டதில்லை.

ஆனால் அவருக்கு மழையைத் தெரியும். எந்த மாதத்தில், எந்த மலைக்குப் பின்னால், எத்தனை மணிக்கு முகில் கட்டும் என்பது அவருக்கு விரல் நுனியில். மற்றக் கல்லூரிகளின் பயிற்றுநர்கள் பிள்ளைகளை அழகாக ஆடப் பழக்கினார்கள். டொரதி ஒரேயொரு பாடத்தைத்தான் படிப்பித்தார்: "மழைக்கு முன்னாடி முடிச்சிடு." முன்னால் ஓடு, ஓங்கி அடி, கைகொடு, குடையை எடு. அவருடைய பிள்ளைகள் ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிட்டு பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். எதிரணிகள் ஆறுதலாக ஆடி, பாதியில் நனைந்து, மறுநாள் தும்மலும் தடிமனுமாக வந்து தோற்றன. பத்திரிகைகள் இதற்கு "மின்னல் வேக வியூகம்" என்று பெயர் வைத்தன. டொரதி அதைப் படித்துவிட்டுக் குடையை மடித்து வைத்தார்.

விழாக்குழுக் கூட்டத்துக்கு அவரை அழைத்திருந்தார்கள், திரைச்சீலையின் நிறத்தைத் தெரிவுசெய்ய. தலைமையில் சங்கத் தலைவி கைரியா மேடம். நகரத்தில் பெரிய துணிக்கடை வைத்திருப்பவர், எந்தப் பிரச்சினையையும் துணியாலே மூடிவிடலாம் என்று நம்புகிறவர்.

"டீச்சர், கத்தரிப்பூக் கலரா, பச்சையா? ஒங்கட மண்டபம், நீங்கதான் சொல்லோணும்."

"தெரை இருக்கட்டுங்க மேடம். புள்ளைங்க எங்க வெளையாடுவாங்க?"

கைரியா மேடம் சபையைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "பாத்தீங்களா? அவங்கட பேர்ல மண்டபம் வருது, அவங்க புள்ளைகள நெனைக்கிறாங்க. மாஷா அல்லாஹ்! ஸுமைரா, இத விழா மலர்ல எழுதிக்கோங்க."

சங்கச் செயலாளர் ஸுமைரா எழுதிக்கொண்டார்.

"இல்லீங்க மேடம், எனக்கு மண்டபமே வேணாங்க."

கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் பிடித்தது. அதிபர் றேணுகா எழுந்து வந்து டொரதியின் கையைப் பிடித்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் அதிபரானவர். உணர்ச்சிவசப்பட்டால் கையை விடமாட்டார். "உந்த அடக்கம்தான் டொரதி உங்களை இந்த இடத்துக்குக் கொண்டு வந்தது."

"இந்த இடத்தத்தான் மேடம் தோண்டப் போறீங்க."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பயிற்றுநரின் நகைச்சுவை உணர்வு என்று அதுவும் மலரில் ஏறியது.

"யோசியாதேங்கோ," என்றார் அதிபர், கையை விடாமல். "மண்டபத்துக்குள்ளை மேசைப்பந்து மேசை ரண்டு போடுவம். அதுவும் டெனிஸ்தானே?"

டொரதி வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரமாக இருந்து எண்ணிப் பார்த்தார். இருபத்தாறு பிள்ளைகள். ஊரில் உள்ள மற்றத் திடல்கள் கழக உறுப்பினர்களுக்கு. அங்கே பந்து பொறுக்கக்கூட வெள்ளை உடுப்பு வேண்டும். திடல் போனால் அணி போகும். அணி போனால், அவர் பெயர் எழுதிய மண்டபத்துக்குள் உட்கார்ந்து, அவர் முன்பு என்னவாக இருந்தார் என்பதைப் பற்றி யாரோ பேசுவதை அவர் கேட்டுக்கொண்டிருக்கலாம். இதைத் தடுக்க அவர் எதைச் சொன்னாலும் அது அடக்கமாகிவிடும். வாய்விட்டு அழுதால் ஆனந்தக் கண்ணீர் என்று எழுதுவார்கள்.

திடலைப் பராமரிக்கும் றொட்னி இன்னும் சுருக்கமாகச் சொன்னார். இருபது வருடமாக அந்த மண்ணை உருளையால் உருட்டியவர். வெள்ளிக்கிழமை பின்னேரம் திடலின் வலப்பக்கக் கட்டத்துக்குள் சுண்ணாம்பால் ஒரு சிலுவைக் குறி போட்டுக்கொண்டிருந்தார். மண்டபத்தின் வடகிழக்கு மூலை அங்கேதான் வருகிறதாம்.

"இருவது வருசமா ஒரு கல்லு விடாம பொறுக்கி எறிஞ்சேன் டீச்சர். இப்ப ஒரு கல்லக் கொண்டாந்து வையிங்கிறாங்க."

"நாளைக்கு இங்க ஃபைனல் மேட்ச் முடியுற வரைக்கும் தோண்டிறாதீங்க அண்ணே."

"தோண்ட மாட்டேன். ஆனா பத்து நாப்பத்திரண்டுக்கு வச்சே ஆகணுமாம். பெரிய ஐயா நேரம் தப்பினா கல்லுல கை வைக்க மாட்டாராம். போன மாசம் ஒரு பாலம் தொறக்கப் போயி, மூணு நிமிசம் பிந்திருச்சின்னு ரிப்பன வெட்டாமலே திரும்பிட்டாராம். சனமெல்லாம் இன்னும் ஆத்துல எறங்கித்தான் போவுது."

டொரதி வானத்தைப் பார்த்தார். நாளைக்கு மத்தியானம் வரை மழை இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அது அவருக்குக் கெட்ட செய்தியாக இருந்தது.

பிரதம அதிதியின் சோதிடர் குறித்த நேரத்தை எல்லோரும் தத்தம் வழியில் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். கைரியா மேடம், "எங்கட பக்கம் நேரம் காலம் பாக்கிற இல்ல, ஆனா பெரிய மனுசர் வாரெண்டா செய்யத்தானே வேணும்" என்றார். அதிபர் இராகு காலம் இல்லை என்பதைத் தன்பாட்டில் பார்த்து உறுதிசெய்துகொண்டார். அச்சிட்ட நிகழ்ச்சி நிரலில் இப்படி இருந்தது: 9.00 இறுதியாட்டம். 10.00 வெற்றி. 10.42 அடிக்கல். 11.00 சிற்றுண்டி. வெற்றிக்கும் நேரம் குறித்தாகிவிட்டது.

மாகாணக் கிண்ண இறுதிப் போட்டியில் மூன்று ஆட்டம். வெள்ளிக்கிழமை நடந்த இரண்டில், ஒன்று வெரோனிக்காவுக்கு, ஒன்று பேராதனைப் பக்கமிருந்து வந்த அணிக்கு. சனிக்கிழமை மூன்றாவது. அதை ஆட வேண்டியவள் இல்மா.

இல்மா டொரதியின் ஒரே தோல்வி. ஹுன்னஸ்கிரியவில் அவளுடைய வாப்பாவின் கடைக்குப் பின்னால் இருக்கும் சரிவில் விளையாடிப் பழகியவள். அங்கே பந்தைத் தவறவிட்டால் அது தேயிலைக்குள் உருண்டு, அடுத்த ஊருக்குப் போய்விடும். ஆகவே அவள் பந்தைத் தவறவிடமாட்டாள். வருவதையெல்லாம் உயரத் தூக்கிவிடுவாள். பந்து மேலே போய், கொஞ்ச நேரம் அங்கேயே தங்கி, ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும். அவளோடு பயிற்சிக்கு ஆடிய பிள்ளைகள் நடுவில் கொட்டாவி விட்டார்கள். இந்தப் பழக்கத்தை மாற்ற டொரதிக்கு மூன்று வருடம் எடுத்தது. இப்போது இல்மாவும் முன்னால் ஓடி, ஓங்கி அடித்து, குடையை எடுக்கிறாள். சந்தோஷமில்லாமல்.

அன்றைக்கும் அப்படியே ஆடினாள். முதல் செட் ஆறுக்கு ஒன்று, இருபத்தைந்து நிமிடம். இரண்டாவது செட்டில் மூன்றுக்குப் பூச்சியம். மணி ஒன்பது நாற்பது. சங்கத்துப் பெண்கள் மகிழ்ந்தார்கள். நிகழ்ச்சி நிரல் பிசகாமல் போய்க்கொண்டிருந்தது. வேலிக்கு வெளியே றொட்னி மண்வெட்டியோடு நின்றார். அவர் முகத்தை டொரதி பார்க்கவில்லை.

அணிப் போட்டியில் பக்கம் மாறும்போது பயிற்றுநர் ஆட்டக்காரியோடு பேசலாம். இல்மா வந்து கதிரையில் இருந்து தண்ணீர் குடித்தாள். டொரதியால் அவளைத் தோற்கச் சொல்ல முடியாது. அதை அவர் ஒரு பிள்ளைக்கும் சொல்லமாட்டார். சொன்னால் அதற்குப் பிறகு திடல் இருந்தென்ன, மண்டபம் இருந்தென்ன. ஆனால் வெல்வதில் அவசரப்பட வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அப்படியொரு சட்டத்தை எழுதியவர் அவர் ஒருவர்தான்.

"இல்மா, நீ புதுசா வந்தப்ப ஒரு ஆட்டம் ஆடுவியே. ஒசரத் தூக்கித் தூக்கி."

"அல்லாஹ்வே, நான் அத உட்டுட்டேன் மிஸ்! சத்தியமா உட்டுட்டேன்."

"இன்னைக்கு அத ஆடு."

இல்மா போத்தலைக் கீழே வைத்தாள். "மெய்யாவா மிஸ்?"

"மெய்யாத்தான். ஒனக்குப் பிடிச்ச மாதிரி ஆடு."

சிறையிலிருந்து விட்டது போல அவள் எழுந்து ஓடினாள். அடுத்த பந்து கல்லூரியின் மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு மேலே போயிற்று.

எதிரணிப் பிள்ளை துலாஞ்சலி நெட்டை, பலம் உள்ளவள், பொறுமை இல்லாதவள். முதல் ஐந்து பந்துகளை வலைக்குள் அடித்தாள். பிறகு கோபம் வந்து வெளியே அடித்தாள். பிறகு அவளுக்கும் மூளை வந்தது. அவளும் தூக்கினாள். அதற்குப் பிறகு திடலில் நடந்ததை டெனிஸ் என்று சொல்லலாமா என்பதில் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இரண்டு பிள்ளைகள், நடுவில் வலை, அந்த வலைக்கு ஒரு வேலையும் இல்லை. பார்வையாளர்களின் தலைகள் இடமும் வலமும் அசைவதை விட்டு, மேலும் கீழும் அசைந்தன. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் எல்லோரும் எதற்கோ சம்மதிக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

பத்து மணி பத்துக்குப் பிரதம அதிதி வந்தார். மாலை, வெற்றிலை, மேள வாத்தியம். நடுவர் கதிரையில் இருந்த கிறகரி கையை உயர்த்தி மேளத்தை நிறுத்தினார். தபால் கந்தோரில் முப்பத்தாறு வருடம் இருந்து ஓய்வுபெற்றவர் கிறகரி. சட்டப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டே தூங்குகிறவர் என்று கேள்வி. அதிதி முன்வரிசையில் அமர்ந்து, கைரியா மேடத்திடம் எத்தனைக்கு எத்தனை என்று கேட்டார்.

"நாப்பதுக்கு நாப்பது சேர்."

அதிதி தலையை ஆட்டினார். பத்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டார்.

"நாப்பதுக்கு நாப்பது சேர்."

"இன்னும் நாற்பதா?" என்றார் அதிதி. தன் வாழ்நாளில் இவ்வளவு நேரம் முன்னேற்றம் இல்லாத ஒன்றைத் தன் பொறுப்பில் இருந்த வேலைகளில் மட்டுமே அவர் கண்டிருந்தார். மற்றவர்களிடம் காண்பது இதுதான் முதல் தடவை.

பத்து முப்பதுக்கு இரண்டாவது செட் முடிந்தது. ஏழுக்கு ஐந்து. துலாஞ்சலிக்கு.

டொரதி கணக்குப் பார்த்தார். எட்டு வருடக் கிண்ணம். ஒன்பதாவதைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டோமோ? இல்மா வந்து கதிரையில் விழுந்தாள்.

"செட் போயிட்டு மிஸ்."

"தெரியும்."

"ஏச மாட்டீங்களா?"

"வாழப்பழத்த சாப்பிடு."

அதிபர் நடுவரிடம் ஓடினார். "ஐயா, ஒரு சின்ன இடைவேளை விடேலுமே? கல்லை மட்டும் வைச்சிட்டு…"

கிறகரி புத்தகத்தைத் திறந்தார். விரலால் வரியைத் தேடினார். "ஆட்டம் தொடர்ச்சியா நடக்கணும். செட்டுக்கும் செட்டுக்கும் நடுவுல ரெண்டு நிமிசம். அதுல ஒன்னு முடிஞ்சி போச்சு. மீதி ஒரு நிமிசத்துல கல்ல வச்சி, சாந்து பூசி, பேசி, கூட்டித் துப்புரவாக்க முடியும்னா செய்யுங்க."

"இப்ப ஏலாது!" என்று அதிதியின் செயலாளர் பஹீம் பதறினார். "இப்ப பத்து முப்பத்தொண்டு. முந்தியும் வைக்க ஏலாது, பிந்தியும் வைக்க ஏலாது."

"அப்ப அவங்க ஆடட்டும்," என்று கிறகரி புத்தகத்தை மூடினார். அந்தப் புத்தகம் அவர் வாழ்க்கையில் பிறருக்கு உபயோகப்பட்டது அன்றைக்குத்தான்.

மூன்றாவது செட்டின் முதலாவது கேமிலேயே நாற்பதுக்கு நாற்பது வந்தது. மணி பத்து நாற்பது. அதிதி எழுந்து நின்றார், கையில் சாந்து எடுக்க வெள்ளி முலாம் பூசிய மேசன் கரண்டி. பஹீம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேலிக்கு அப்பால் நான்கு பேர் கல்லைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள். ஒரு புள்ளி இல்மாவுக்கு. அடுத்ததையும் அவள் எடுத்தால் கேம் முடியும். பக்கம் மாறும் இடைவெளியில் ஓடிப்போய் வைத்துவிடலாம்.

பந்து மேலே போயிற்று.

துலாஞ்சலி திருப்பித் தூக்கினாள். இல்மா தூக்கினாள். பத்து, பதினைந்து, இருபது. கைரியா மேடம் வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். முப்பதில் அவர் கதிரை மேல் ஏறினார். "தூக்கு மகள்! இன்னும் ஒசரத் தூக்கு!" கையிலிருந்த தாம்பாளம் எங்கே போனதென்று அவருக்குத் தெரியாது. அதிபர் றேணுகா பக்கத்தில் நின்ற எதிரணிப் பயிற்றுநரின் கையைப் பிடித்தார், விடவில்லை. நாற்பதில் துலாஞ்சலி சறுக்கி, விழுந்து, முழங்காலில் நின்றபடி தூக்கினாள். சனம் அவளுக்கும் சேர்த்துக் கத்தியது. இல்மா பின்னால் ஓடினாள், வேலியில் முதுகு இடிக்க நின்று தூக்கினாள். அவள் முகத்தில் டொரதி மூன்று வருடமாகக் காணாத ஒன்று இருந்தது: பல் முழுக்கத் தெரியும் சிரிப்பு.

"சேர், நேரம்," என்று பஹீம் அதிதியின் தோளைத் தொட்டார்.

"ஷ்ஷ்," என்றார் அதிதி.

அவருடைய கண்கள் வானத்தில் இருந்தன. வாய் திறந்திருந்தது. மேசன் கரண்டியைத் தன்னையறியாமல் ரக்கட் போலப் பிடித்திருந்தார். ஒவ்வொரு பந்துக்கும் அது கொஞ்சம் உயர்ந்தது.

எழுபத்து மூன்றாவது பந்தைத் துலாஞ்சலி வலைக்குள் விட்டாள். கேம் இல்மாவுக்கு. திடல் வெடித்தது. அதிதி கரண்டியால் உள்ளங்கையில் அடித்து அடித்துக் கைதட்டினார். தட்டிக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பத்து நாற்பத்தைந்து.

அவர் முகம் மெல்ல மெல்லப் பழைய கௌரவத்துக்குத் திரும்பியது. சோதிடருக்கு அங்கிருந்தே அழைப்பு எடுக்கப்பட்டது. அந்த மூலைக்கும் அவருடைய இராசிக்கும் பொருந்திய அடுத்த நேரம் பதினாறு மாதத்துக்குப் பின்னால்தானாம். அவர் விடைபெற்றார். போகும்போது, வாகனத்துக்குள் இருந்து கண்ணாடியை இறக்கி, எத்தனைக்கு எத்தனை என்று கேட்டுவிட்டுத்தான் போனார். மேசன் கரண்டியும் கூடப் போய்விட்டது.

பக்கம் மாற வந்த இல்மாவிடம் டொரதி குனிந்து சொன்னார்: "இப்ப முடிச்சிடு."

"மிஸ், இப்பத்தானே ஆடச் சொன்னீங்க!"

"பன்னெண்டு மணிக்கு மழை வரும்."

இல்மா முடித்தாள். உயரத் தூக்குவதும் ஓங்கி அடிப்பதும் மாறி மாறி வந்தபோது துலாஞ்சலிக்கு மேலே பார்ப்பதா முன்னே பார்ப்பதா என்று தெரியவில்லை. ஆறுக்கு இரண்டு. பதினொன்று பதினைந்து. பிள்ளைகள் இருவரும் வலைக்கு மேலால் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இருபத்தாறு பேர் சேர்ந்து டொரதியைத் தூக்கப் பார்த்து, பாதியில் கைவிட்டு, அவரைச் சுற்றி ஆடினார்கள். மேளக்காரர்கள் ஒரு மணித்தியாலம் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அடித்துத் தீர்த்தார்கள்.

சிற்றுண்டி மேசையருகே கைரியா மேடம் தொண்டை கட்டிப்போய் நின்றார். ஒரு கையில் றோல்ஸ், மறு கையில் வட்டிலப்பக் கோப்பை.

"டீச்சர், ஒரு விசயம். இந்த எடத்துல மண்டபம் வந்திருந்தா, இந்த ஆட்டத்த எங்க ஆடியிருப்பாங்க?"

"அதத்தானுங்க மேடம் ரெண்டு மாசமா சொல்றேன்."

"நீங்க அடக்கத்துல சொல்றீங்கண்டு நெனச்சேனே! அப்ப மண்டபம் வேணாம். ஸுமைரா, எழுதிக்கோங்க. பதினாறு மாசம் கழிச்சும் வேணாம். படிக்கட்டு கட்டுவோம், இருந்து ஆட்டம் பாக்க. சரிவுலதானே? சரிவு நெறைய இரிக்கி."

அதிபர் டொரதியின் கையைப் பிடித்தார். டொரதி இந்த முறை கையை இழுக்கவில்லை. வட்டிலப்பம் நன்றாக இருந்தது.

தங்க எழுத்துப் பொறித்த அந்தக் கல்லைத் திருப்பி எடுத்துப் போக யாரும் வரவில்லை. றொட்னி சுண்ணாம்புக் குறியை உருளையால் இரண்டு தரம் உருட்டி அழித்தார். கல்லை உருட்டிக்கொண்டு போய், திடலை மூடும் படங்கின் ஒரு மூலையில் பாரத்துக்கு வைத்தார்.

"இதத்தான் டீச்சர் இத்தன வருசமா கேட்டேன். ஒரு நல்ல கனமான கல்லு."

மழை பன்னிரண்டு மணிக்குப் பிடித்தது. ஐந்து கிழமை ஒரு நாள்கூட விடவில்லை. திடலில் யாரும் விளையாடவில்லை.